பதினோரு வருடத்துக்குப் பிறகும் அது காதல்தானா?

கேள்வி இது: "விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். பதினோரு வருடம் ஆகிறது. இப்போது படபடப்பு எதுவும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. அவர் போனில் எதையாவது பார்த்துவிட்டு 'இங்க பாரேன்' என்று காட்ட வருவார். நான் 'ம்' என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இது காதலா, வெறும் பழக்கமா? ஆயுளுக்கும் நிலைக்கிற காதல் நிஜமாகவே உண்டா? உண்டென்றால் அது மனிதரை என்ன செய்கிறது?"

தம்பதியரோடு உட்கார்ந்து பேசும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் மாதம் ஒருமுறையாவது யாராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். போகிற போக்கில் ஒரு 'ம்' பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்வியிலேயே அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் படபடப்பு. அது அடங்கியதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இத்தாலியில் டொனாட்டெல்லா மராசிட்டி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தில், செரடோனின் என்ற மூளை ரசாயனத்தோடு தொடர்புடைய ஓர் அளவைப் பார்த்தார்கள். ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓசிடி என்ற மனநோய் உள்ளவர்களிடம் அந்த அளவு எப்படிக் குறைந்திருந்ததோ, இவர்களிடமும் அப்படியே குறைந்திருந்தது. சோறு தண்ணீர் இறங்காமல், தூக்கம் வராமல், எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்த ஒருவரிடமே வந்து நிற்கிற அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் சிலரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது அளவு சாதாரணமாகிவிட்டிருந்தது. காதல் முறிந்துபோனதால் அல்ல. உடம்பு அந்த நிலையில் காலம் முழுக்க நிற்க முடியாது, அவ்வளவுதான். பிள்ளை வளர்க்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்கு ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்ற வேண்டும். கிறக்கத்தில் இருப்பவரால் இதில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

ஆனால் கிறக்கம் தெளிந்தபின் மிஞ்சுவது வெறும் பழக்கம்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. பியாங்கா அசிவெடோ, ஆர்தர் ஆரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரௌன் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் சேர்ந்து, சராசரியாக 21 வருடம் மணவாழ்க்கை நடத்திய 17 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துத் துணையின் புகைப்படத்தைக் காட்டினார்கள். புதுக்காதலர்களுக்கு மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறதோ, அதாவது டோபமின் சுரந்து 'இது வேண்டும்' என்று உந்துகிற அந்தப் பகுதி, இவர்களுக்கும் சுறுசுறுப்பானது. கூடவே தாய்க்குப் பிள்ளைமேல் உள்ள பிணைப்போடு சம்பந்தப்பட்ட பகுதிகளும் சேர்ந்துகொண்டன. ஒரு வித்தியாசம்: புதுக்காதலில் தெரியும் அந்தப் பதற்றம் இவர்களிடம் காணவில்லை. ஆசை இருக்கிறது, 'விட்டுவிட்டுப் போய்விடுவாரோ' என்ற தவிப்பு இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். இந்த 17 பேரும் 'இன்னும் என் துணைமேல் பித்தாக இருக்கிறேன்' என்று தாங்களே சொன்னதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எல்லாத் தம்பதிகளும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அப்படியும் சிலர் இருக்கிறார்கள் என்றுதான் சொல்லலாம். எத்தனை பேர் என்பதற்கு 2012-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு உதவும். மணமாகிப் பத்து வருடம் தாண்டியவர்களில் 40 சதவீதம் பேர் துணைமேல் மிகத் தீவிரமான காதலோடு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் யாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் அபூர்வம் என்று சொல்லக்கூடிய எண்ணிக்கை அல்ல.

சரி, அது மனிதரை என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். உடம்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் 2006-இல் மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, 'இப்போது காலில் லேசான மின் அதிர்ச்சி வரலாம்' என்று எச்சரித்தார். யார் கையையும் பிடிக்காதபோது மூளையில் பயத்தின் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவன் கையைப் பிடித்தபோது நன்றாகவே அடங்கின. மணவாழ்க்கையில் அதிக நிறைவோடு இருந்த பெண்களுக்கு இன்னும் கூடுதலாக அடங்கின. ஆபத்து ஒன்றுதான், கை மட்டும் வேறு. 'நான் இருக்கிறேன்' என்று நாம் சொல்வது வாய்வார்த்தை மட்டும் அல்ல என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2005-இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 42 தம்பதிகளின் கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தது. ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிப் பேசும் தம்பதிகளுக்குக் காயம் ஆறிய வேகம், அப்படிப் பேசாதவர்களுடையதில் 60 சதவீதம்தான். காயம் இருந்தது கையில், பேச்சு நடந்தது வாயில். இரண்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

உடம்புக்கு அடுத்தது ஞாபகம். இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். அம்மா இறந்து மூன்று மாதத்துக்குள் அப்பா நான்கு தடவை வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டார். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே மேசைமேல் இருக்கும், அப்பா வெளியே படியில் உட்கார்ந்திருப்பார். மறதி நோய் வந்துவிட்டதோ என்று அவரே பயந்துபோனார். மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எனக்கும் அப்போது பிடிபடவில்லை. நான்காவது தடவை நான் போய் மாற்றுச் சாவியால் திறந்துவிட்டபோது அப்பா மெதுவாகச் சொன்னார்: "அவதானே கேப்பா." முப்பத்தெட்டு வருடமாக அப்பா செருப்பை மாட்டும்போதெல்லாம் உள்ளிருந்து 'சாவி எடுத்தாச்சா' என்று ஒரு குரல் வந்திருக்கிறது. சாவியைப் பற்றிய ஞாபகம் அப்பாவிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அது அம்மாவிடம் இருந்தது. அதேபோல எந்தக் கட்டணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு உளவியலில் பெயரே உண்டு. டேனியல் வெக்னர் 1980-களில் இதை விளக்கினார். நெருங்கி வாழும் இருவர் ஞாபகத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எது தெரியும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். பிறந்தநாட்கள் ஒருவரிடம், வழி ஒருவரிடம், யாரிடம் எதைப் பேசக் கூடாது என்பது ஒருவரிடம். துணையை இழந்தவர்கள் 'என்னில் பாதி போய்விட்டது' என்று சொல்வதைக் கேட்டு நாம் தலையாட்டுகிறோம், ஏதோ சொல்வழக்கு என்று. அவர்கள் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறார்கள்.

'நான்' என்பதன் எல்லையே கூட இடம் மாறிவிடுகிறது. மேலே சொன்ன ஆர்தர் ஆரனும் அவருடைய சகாக்களும் 1991-இல் செய்த சோதனை ஒன்று இதைக் காட்டியது. திரையில் ஒரு குணம் தோன்றும், 'இது நான்' அல்லது 'நான் இல்லை' என்று உடனே பொத்தானை அழுத்த வேண்டும். தனக்கும் துணைக்கும் பொதுவான குணம் என்றால் பதில் சட்டென்று வந்தது. ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால் தயக்கம். கண நேரம்தான், ஆனாலும் அளக்கக்கூடிய தயக்கம். இது என்னுடையதா, அவருடையதா என்று மனசு பிரித்துப் பார்க்க அந்த நேரம் தேவைப்பட்டது.

இந்தக் கலப்பில் நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். நல்லது நடந்தால் எப்படி இருக்கும் என்பதை கேரில் ரஸ்புல்ட் போன்றவர்கள் சிற்பியின் வேலைக்கு ஒப்பிட்டார்கள். கல்லுக்குள் இருக்கும் உருவத்தைச் சிற்பி வெளியே கொண்டுவருவதுபோல, நாம் ஆக விரும்பும் ஆளைத் துணை நமக்குள் பார்த்து, அதற்கேற்றபடி நம்மை நடத்தும்போது, மெல்ல மெல்ல அந்த ஆளாகவே ஆகிறோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஒரு பெண் என்னிடம் வந்திருக்கிறார். அவர் கணவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் 'இதை அவள் நன்றாகச் சொல்வாள்' என்று அவர் பக்கம் திரும்பிவிட்டுக் காத்திருப்பார். பல வருடம் இப்படியே. இன்று அந்தப் பெண் ஒரு அலுவலகத்தையே நடத்துகிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: உருவம் அந்தப் பெண் ஆக விரும்பியது, கணவர் விரும்பியது அல்ல. தன் மனசில் இருக்கும் உருவத்துக்கு ஏற்றபடி துணையைச் செதுக்கப் பார்ப்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அங்கே கல்தான் உடைகிறது.

முதுமையில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ராபர்ட் வால்டிங்கரும் மார்க் ஷுல்ஸும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எண்பது வயதை ஒட்டிய 47 தம்பதிகளிடம் எட்டு நாள் தினமும் பேசினார்கள்: இன்று வலி எப்படி, மனசு எப்படி? நிறைவான மணவாழ்க்கை உள்ளவர்களுக்கு வலி கூடிய நாட்களிலும் மனசு அவ்வளவாகச் சரியவில்லை. மற்றவர்களுக்கு வலியோடு மனசும் சேர்ந்து சரிந்தது.

இவ்வளவு ஆழமாக வேர் விடுகிற ஒன்று பிடுங்கப்படும்போது சேதமும் அதே அளவுக்கு இருக்கும். பிரிட்டனில் மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு, அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து சமமானது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் டகோட்சுபோ என்று பெயரிட்ட ஓர் இதயக் கோளாறும் உண்டு. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்தவுடன் இதயத்தின் ஒரு பகுதி திடீரென வலுவிழந்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல உப்பிவிடும். பெயரே அந்தப் பானையின் பெயர்தான். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். துணையை இழந்தவரை அந்த முதல் ஆறு மாதம் தனியாக விடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சாப்பிட்டாரா என்று கேட்பதோடு நிற்காமல், இறந்தவர் எந்தெந்த வேலையை, எந்தெந்த ஞாபகத்தைச் சுமந்துகொண்டிருந்தார் என்றும் விசாரியுங்கள். அப்பாவின் விஷயத்தில் எனக்கு அது தாமதமாகத்தான் தோன்றியது.

இப்போது, எது நிலைக்கவைக்கிறது? தமிழில் 'முகம் கொடுத்துப் பேசுவது' என்று சொல்கிறோம். தம்பதியரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஜான் காட்மனின் கண்டுபிடிப்பில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'மழை வரும்போல இருக்கே', 'இங்க பாரேன்' என்று ஒருவர் சும்மா சொல்கிறார். சொன்ன விஷயத்தில் ஒன்றுமில்லை. கொஞ்சம் என் பக்கம் வாயேன் என்பதுதான் சேதி. மற்றவர் முகம் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். புதுமணத் தம்பதிகளை ஆறு வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் ஆரம்பத்தில் இப்படிப்பட்ட நூறு அழைப்புகளில் 86-க்கு முகம் கொடுத்தவர்களாக இருந்தார்கள். பிரிந்தவர்கள் 33-க்கு.

ஒருமுறை எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது பற்றிச் சண்டை, கடுமையான சண்டை. பெரியவர் குரலை உயர்த்தி மனைவியைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தவர், நடுவில் கையை நீட்டினார். அந்த அம்மா அவர் பக்கம் பார்க்காமலே கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். அவர் சட்டை நுனியில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இன்னொரு முறை துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். இதற்கிடையில் திட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. "எவ்வளவு வருஷமா இப்படி?" என்று கேட்டேன். "எது, இந்த வீட்டு விஷயமா?" என்றார் அந்த அம்மா. நான் கண்ணாடியைச் சொல்கிறேன் என்று இருவருக்குமே புரியவில்லை. அவர்கள் சேர்ந்திருப்பார்களா என்று நான் அதற்கப்புறம் கவலைப்படவில்லை. வீட்டுக் கணக்கு முடியத்தான் இன்னும் நாலு மாதம் ஆனது.

ஆகவே சண்டையை வைத்து மட்டும் எதையும் அளக்க முடியாது. தமிழில் காதலர் சண்டைக்கே ஊடல், புலவி, துனி என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. புலவி இளசு, துனி முற்றிப்போனது. இந்தப் படிநிலை தெரிந்துதான் சொல் வைத்திருக்கிறார்கள். நான் பயப்படுவது சத்தத்தைப் பார்த்து அல்ல, இளக்காரத்தைப் பார்த்து. கண்ணை உருட்டுவது, பிறர் முன்னால் மட்டம்தட்டுவது, 'உனக்கெல்லாம் எங்கே புரியப் போகிறது' என்ற அந்தத் தொனி. பிரிவை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் காட்மன் முதலில் வைத்ததும் இதைத்தான்.

நீண்ட உறவில் இன்னொரு ஆபத்து, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், துணைக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது, சுமார் நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், இரண்டே வருடம் ஆன இளம் ஜோடிகளைவிட அதிகமாகத் தவறினார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஒரு காலத்தில் தெரிந்துகொண்டார்கள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஆள் அதற்குள் மாறிவிட்டார்.

எத்தனை வருடம் என்பதை மட்டும் வைத்துக் காதல் என்று சொல்லிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் நீடிக்கும் உறவு உண்டு. போக இடமில்லாமல் நீடிப்பது உண்டு. அடி, மிரட்டல், பணத்தைப் பிடித்துவைப்பது, யாரோடும் பேசவிடாமல் தடுப்பது இருக்கும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

உங்கள் 'ம்'முக்கு வருகிறேன். பதினோரு வருடத்துக்குப் பிறகும் உங்கள் கணவர் 'இங்க பாரேன்' என்று காட்ட வருகிறார். பல வீடுகளில் அது எப்போதோ நின்றுபோயிருக்கும். நிற்கும்போது யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் சத்தமில்லாமல் நிற்கும். அவர் இன்னும் வருகிறார் என்பதை நான் நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதே சமயம், எத்தனை தடவை 'ம்' வந்தால் ஒருவர் வருவதை நிறுத்துவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த தடவை கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பாருங்கள். பிடித்தால் சிரியுங்கள், பிடிக்காவிட்டால் 'இதில் என்ன பிடிச்சது உங்களுக்கு?' என்று கேளுங்கள். இருவருக்குமே தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். நீச்சலோ, புது மொழியோ, எதுவானாலும் சரி. ஆரனின் இன்னொரு சோதனையில் தம்பதியரின் கை கால்களைச் சேர்த்துக் கட்டி, கை படாமல் ஒரு தலையணையைச் சுமந்தபடி மெத்தை விரிப்புகள்மேல் தவழவிட்டார்கள். ஏழு நிமிட விளையாட்டுதான். சலிப்பான வேலை செய்த ஜோடிகளைவிட இவர்கள் தங்கள் உறவை அப்புறம் உயர்வாக மதிப்பிட்டார்கள். படபடப்பு திரும்பி வரும் வழிகளில் எனக்குத் தெரிந்து இது ஒன்று: தெரியாத இடத்தில் தடுமாறும் துணையை மறுபடி ஒருமுறை பார்ப்பது.

மூன்று மாதம் இப்படி இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் நீங்கள் மட்டுமே முகம் கொடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராமல் இருந்தால், அது வேறு கேள்வி. இருவருமாகச் சேர்ந்து ஓர் ஆலோசகரிடம் போக வேண்டிய கேள்வி.